கல்லூரிக்குள் வந்த கூத்தும் வாசலில் நின்ற அண்ணாவியாரும்

ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுத முற்படும் எவரும் 1962 ஆம் ஆண்டைத் தாண்டிச் செல்ல முடியாது. பேராதனையில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர்கள் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தை மேடையேற்றிய ஆண்டு அது. தயாரித்தவர் அங்கு தமிழ் விரிவுரையாளராக இருந்த கலாநிதி சு. வித்தியானந்தன். கூத்தென்றால் படியாதவர்களின் பொழுதுபோக்கு என்று முகஞ்சுளித்த நகரத்துத் தமிழர்கள், தம் பிள்ளைகளே காலில் சதங்கை கட்டி ஆடக்கண்டு வியந்தார்கள். அடுத்த ஆண்டில் 'நொண்டி நாடகம்' வந்தது. அதன் பின்னர் 'இராவணேசன்', 'வாலிவதை' என்பன வந்தன.

அந்த நாட்களில் நான் பள்ளிச் சிறுவன். பேராதனை மேடைகளை நேரிற் கண்டவனல்லன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அக்கூத்துகளில் ஆடியவர்களையும் பார்த்தவர்களையும் சந்தித்துப் பேசும் வாய்ப்புக் கிட்டியது. அவர்களிடம் கேட்டவற்றையும், நிருபராக நானே கண்ட சிலவற்றையும் வைத்துக்கொண்டு, நம் கல்லூரிகளில் நாடகமும் இசையும் கற்பித்தவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இக்கட்டுரைக்குத் தூண்டுதலாக இருந்தது என் கையால் நேர்ந்த ஒரு பிழை. அதனை இறுதியிற் சொல்கிறேன்.

வேறு பாடம் கற்பித்தவர்கள்

இலங்கையின் பல்கலைக்கழக நாடக மரபை ஆராய்வோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அம்மரபை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரேனும் நாடகம் கற்பிப்பதற்காக நியமனம் பெற்றவரல்லர்.

முதலில் ஈ.எப்.சி. லுடோவைக். 1936 இல் ஆங்கிலப் பேராசிரியரான அவர், அப்பதவியை வகித்த முதல் இலங்கையர். பல்கலைக்கழக நாடகச் சங்கத்தை முன்னின்று நடத்தி, ஆங்கில நாடகங்களை இரு தசாப்தங்களுக்கு மேலாக மேடையேற்றியவர். அவருடைய சம்பளம் ஆங்கில இலக்கியம் கற்பிப்பதற்கே வழங்கப்பட்டது.

தமிழில் அத்தகைய பணியைத் தொடங்கியவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1947 இல் சுவாமி விபுலாநந்தர் மறைந்த பின் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். மொழியியல் படித்த இவர், யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழை மேடைக்குக் கொண்டுவந்தார். 1940 இல் 'நானாடகம்', 1952 இல் 'இரு நாடகம்', 1956 இல் 'சங்கிலி' என அவருடைய நாடக நூல்கள் வெளிவந்தன. அவற்றில் பல முதலிற் பல்கலைக்கழக மாணவர்கள் நடிப்பதற்கென்றே எழுதப்பட்டவை. நாடகப் பாத்திரமென்றால் செந்தமிழிலேயே பேச வேண்டும் என்றிருந்த காலத்தில், பருத்தித்துறைப் பக்கத்துப் பேச்சை மேடையிற் பேசவைத்தமை சிறிய துணிவன்று.

சிங்களத்தில் எதிரிவீர சரச்சந்திர. பாளி கற்பித்தவர், பௌத்த உளவியலை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். 1956 நவம்பர் 3 ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் அவருடைய 'மனமே' அரங்கேறியது. சிங்கள நாடகத்தின் திசையை மாற்றிய படைப்பென்று அதனைச் சொல்வர். அதற்கு அடிப்படையாயிருந்த 'நாடகம்' என்னும் சிங்கள நாட்டார் வடிவம், மேற்குக் கரையோரத்துக் கத்தோலிக்கத் தமிழ்க் கூத்துகளின் வழியே சிங்களத்துக்குச் சென்றதாகும். தமிழரின் கூத்து, சிங்கள மேடையில் புத்துயிர் பெற்று நின்றது. 1956 தனிச்சிங்களச் சட்டத்தின் ஆண்டுமாகும். நமக்கென்று ஒரு நாடக வடிவம் இல்லையா என்ற கேள்வி பேராதனைத் தமிழ் மாணவர்களிடையே எழுந்ததில் வியப்பில்லை.

அக்கேள்விக்கு விடை தேடியவர் வித்தியானந்தன். அவரும் பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 'தமிழர் சால்பு' எழுதியவர். விரிவுரை மண்டபத்தில் அவர் கற்பித்தது இலக்கியமும் பண்பாட்டு வரலாறும். கூத்துப் பழக்கம் நடந்தது மாலைவேளைகளில். அதற்குப் பாடவிதானமில்லை, பரீட்சையில்லை, புள்ளியுமில்லை. கூத்தாடிய மாணவனுக்கு அதனாற் பட்டத்தில் ஒரு வகுப்பும் உயரவில்லை. கூத்துத் தயாரித்த ஆசிரியருக்கு அதனாற் சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை.

ஆயினும், இலவசமாகச் செய்யப்பட்ட அப்பணியே நிலைத்து நிற்கிறது. நாடகத்துக்கென்று ஒரு துறையோ பதவியோ இல்லாத காலத்திற்றான் ஈழத்துப் பல்கலைக்கழக நாடகத்தின் அடித்தளம் இடப்பட்டது.

களரியிலிருந்து மேடைக்கு

வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்தபோது ஊர்தோறும் சென்று கூத்துகளைப் பார்த்தார். போட்டிகளை நடத்தினார், அண்ணாவிமாரை ஒன்றுகூட்டினார், ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துப் பனுவல்களைப் பதிப்பித்தார். மட்டக்களப்புத் தென்மோடிக் கூத்தான 'அலங்காரரூபன் நாடகம்' 1962 இலும், மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தான 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964 இலும் அவ்வாறு அச்சேறின.

அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்துக் கூத்தில் பாட்டு நிலைத்து ஆட்டம் பெரும்பாலும் அருகிப்போயிருந்தது. மட்டக்களப்பில் ஆட்டம் உயிரோடிருந்தது. ஆகவே பேராதனைக் கூத்துக்கு ஆட்டம் பழக்க மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியார் வரவேண்டியதாயிற்று. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் அவ்வாறு வந்தார். மட்டக்களப்புக் கிராமங்களிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் தோள்கொடுத்தனர். அமிர்தகழியிற் பிறந்த சி. மௌனகுரு அவர்களுள் முதன்மையானவர். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் அவரே.

அண்ணாவியார் ஒருவர் ஊரிற் கற்பிக்கும் முறையை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஊரார் கூடி எந்தக் கூத்தை ஆடுவதென்று தீர்மானிப்பர். அண்ணாவியார் ஆள்பார்த்து, குரல்பார்த்து, உடல்வாகு பார்த்துப் பாத்திரங்களைப் பகிர்வார். அதனைச் சட்டங்கொடுத்தல் என்பர். பின்னர் மாதக்கணக்கில் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். தாளக்கட்டை அவர் வாயாற் சொல்ல, அதற்கு ஆடுவோர் கால்வைப்பர். ஓரளவு தேறியதும் சதங்கை அணிவிப்பர். அடுக்குப் பார்ப்பர். ஈற்றில் வட்டக்களரியில் அரங்கேற்றம். ஊர் முழுவதும் சுற்றிவர இருக்க, விடியும்வரை ஆட்டம் நடக்கும். மத்தளத்தோடு அண்ணாவியார் களரியின் நடுவே நிற்பார். அரங்கேற்றத்தின் பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு.

இது வெறும் ஆட்டப் பயிற்சியன்று. இசை, தாளம், ஆட்டம், பனுவல், ஒப்பனை, உடை, சபை நடத்தும் ஒழுங்கு எல்லாவற்றையும் ஒருவரே கற்பிக்கும் முழுமையான ஒரு கல்விமுறை. இன்றைய பல்கலைக்கழகம் நான்கு ஆண்டுகளிற் பல விரிவுரையாளர்களைக் கொண்டு கற்பிப்பதை, அண்ணாவியார் ஒருவர் தம் வளவிற் கற்பித்துவந்தார். அவருக்குக் கிடைத்தது அரங்கேற்ற நாளில் ஊரார் அளித்த வேட்டி சால்வையும் சன்மானமும், ஆண்டு முழுவதும் நிலைத்த மரியாதையும்.

பேராதனையில் இக்கூத்து மாறியது. இரவு முழுவதும் ஆடியது நகரத்துச் சபை பொறுத்திருக்கக்கூடிய சில நாழிகைக்குச் சுருங்கியது. சுற்றிவர இருந்தோருக்காக ஆடியது ஒருபக்கத்துச் சபைக்காகத் திரும்பியது. திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் குறைந்தன. பாத்திரங்களின் உணர்ச்சி முன்னே வந்தது. சட்டங்கொடுத்தலும் வீட்டுக்கு வீடு ஆடுதலும் கல்லூரிக்குள் வரவில்லை. வருவதற்கு அங்கு ஊர் இருக்கவில்லை.

இம்மாற்றத்தைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. வித்தியானந்தன் கூத்தைச் செம்மைப்படுத்தி அழிவினின்று காத்தார், படித்த சமூகம் அதனை மதிக்கச் செய்தார் என்பது ஒன்று. ஊரிலிருந்து கூத்தைப் பிரித்தெடுத்து மேட்டுக்குடிச் சபைக்கு ஏற்றதாக்கினார் என்பது மற்றொன்று. பின்னாளிற் கிழக்குப் பல்கலைக்கழகத்து சி. ஜெயசங்கர் போன்றோர் கூத்தை ஊருக்குள் வைத்தே, ஊராரோடு சேர்ந்து மீளுருவாக்க வேண்டுமென்று வாதிட்டதோடு நில்லாமல், மட்டக்களப்புச் சீலாமுனையில் அதனைச் செய்தும் காட்டினர். இரு கருத்துகளிலும் உண்மையுண்டு என்பதே என் எண்ணம். 1962 இல் ஒரு விரிவுரையாளர் அதனைத் தொட்டிராவிட்டால், பின்னாளில் அதனைப் பற்றி விவாதிக்கப் பல்கலைக்கழகத்தில் எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

மருதனார்மடத்தில் நடந்தது

நாடகத்தின் கதை இவ்வாறிருக்க, இசையின் கதை வேறுவிதமாக நடந்தது.

1960 இல் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக்கல்லூரி தொடங்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனான சு. நடேசபிள்ளையின் முயற்சி அது. அதன் முதல்வராகத் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர் சித்தூர் சுப்பிரமணியபிள்ளை. பின்னர் மகாராஜபுரம் சந்தானமும் அப்பதவியை வகித்தார். இவர்கள் கச்சேரி மேடையிற் புகழ்பெற்ற வித்துவான்கள். குருவின் வீட்டில் இருந்து கற்றவர்கள். நியமனம் செய்தவர்கள் அவர்களிடம் கேட்டது பாட்டைத்தான். பட்டச் சான்றிதழை அன்று.

அக்கல்லூரி 1975 இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைக்கப்பட்டது. 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தராக அமர்ந்தவர், கர்ணன் போரைத் தயாரித்த அதே வித்தியானந்தன்தான். இசைக்கும் நடனத்துக்கும் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக மட்டத்தில் ஓர் இல்லம் அமைந்தது. பாடசாலைகளில் சங்கீதம் கற்பிப்போருக்கு ஏணிப்படியும் இருந்தது. வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்திச் சான்றிதழ் வழங்கிவந்தது. கிழக்கிலும் 1982 இல் மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்தர் பெயரால் ஓர் இசை நடனக் கல்லூரி தொடங்கியது. அதுவும் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பட்டமில்லாத வித்துவானைக் கடல்கடந்து அழைத்துவந்து முதல்வர் நாற்காலியில் அமர்த்த முடிந்த எம் சமூகத்துக்கு, மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரை அழைத்துவந்து ஒரு விரிவுரையாளர் நாற்காலியிலேனும் அமர்த்தத் தோன்றாமற் போனது ஏன்?

வித்துவானின் திறமையைக் குறைத்து மதிப்பது என் நோக்கமன்று. சித்தூராரிடமும் சந்தானத்திடமும் பயின்றது யாழ்ப்பாணத்தின் நற்பேறு. ஆனால் கர்நாடக சங்கீதம் உயர்ந்தோர் கலையென்றும், கூத்து வயல்வெளியில் வேலைசெய்வோர் கலையென்றும் நாம் நெஞ்சுக்குள் ஒரு கோடு கீறி வைத்திருந்தோம். சாதியும் படிப்பும் பட்டினவாசமும் சேர்ந்து கீறிய கோடு அது. கூத்தை மேடைக்கு ஏற்றியபோதுங்கூட அக்கோடு அழியவில்லை. கூத்து உள்ளே வந்தது. கூத்தாடத் தெரிந்த மாணவன் உள்ளே இருந்தான். கற்றுக்கொடுத்தவர் பழக்கம் முடிந்ததும் மட்டக்களப்புக்குத் திரும்பிச் சென்றார்.

சிங்களத்தோடும் ஒப்பிடலாம். 'மனமே' நாடகத்தின் இசைக்குத் துணைநின்றவர் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் மரபுவழிக் கலைஞர். அவரும் பேராசிரியராகவில்லை. ஆயினும் 'மனமே'யைப் பற்றிப் பேசுவோர் சரச்சந்திரவின் பெயரோடு அவர் பெயரையும் சொல்வார்கள். நம்மிடையே செல்லையா அண்ணாவியாரின் பெயரைக் கேட்டால், நாடகத்துறை மாணவரைத் தவிர எத்தனை பேர் அறிவர்?

பாடமாகிய நாடகம்

1970களின் பிற்பகுதியில் நிலைமை மாறத் தொடங்கியது. கொழும்பில் ஆசிரியர்களுக்கென நாடக டிப்ளோமாப் பயிற்சி நடைபெற்றது. அதிற் பயின்றோரில் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவரும் தொழிலாற் பள்ளி ஆசிரியர். 1978 இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை அவர் தொடங்கினார். கல்லூரியென்று பெயரிருந்தாலும் அதற்கு மாடிக் கட்டடமோ அரச மானியமோ கிடையாது. வேலைமுடித்து வந்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இளைஞர்களும் அங்கு உடற்பயிற்சியிலிருந்து காட்சியமைப்பு வரை கற்றார்கள். 'நாடகமும் அரங்கியலும்' க.பொ.த. உயர்தர வகுப்புக்குப் பாடமாக வந்தபோது, அதனைக் கற்பிக்க ஆயத்தமாக இருந்தோரிற் கணிசமானோர் அப்பட்டறையில் உருவானவர்களே.

ஆராய்ச்சியும் உடன் வளர்ந்தது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து 1970 இல் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற கா. சிவத்தம்பி 1978 இல் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். இளமையிற் கணபதிப்பிள்ளையின் நாடகங்களில் நடித்தவர் அவர். மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து 1983 இல் யாழ். பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

போர்க்காலத்தில் இப்பணியின் பெறுமதி தெரிந்தது. 1985 இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணமெங்கும் ஊரூராக ஆடப்பட்டது. மக்கள் தம் துயரைத் தாமே மேடையிற் கண்டு விம்மினர். பத்திரிகையில் நாங்கள் எழுத முடியாத சிலவற்றை அந்த நாடகத்திற் பேச முடிந்தது. செய்தி எழுதுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு அன்று சற்றுப் பொறாமையும் ஏற்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் மறைந்தார். அவரிடம் கற்றவர்கள் இன்று உலகெங்கும் பரந்திருக்கிறார்கள். இதனை வாசிப்போரிலும் சிலர் இருக்கக்கூடும்.

இவ்வாறு நாடகம் பாடமாயிற்று, பட்டமாயிற்று, பதவியுமாயிற்று. மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சிதான். ஆனால் பதவி வந்தபோது அதனோடு தகுதி நிபந்தனையும் வந்தது. விரிவுரையாளர் நியமனத்துக்குப் பட்டம் வேண்டும், பட்டத்தில் வகுப்பு வேண்டும், பின்னர் மேற்பட்டம் வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. அதிற் பிழையென்று சொல்வதற்கில்லை. விளைவு என்னவெனில், அண்ணாவியாரைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவர் விரிவுரையாளராகலாம். அண்ணாவியார் வளவாளராக அழைக்கப்பட்டு, மணித்தியாலக் கணக்கிற் கொடுப்பனவு பெற்று, கையொப்பமிட்டு வீடு திரும்பலாம்.

கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள இடத்தை நினைத்துப் பாருங்கள். 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமான அது, வந்தாறுமூலையில் அமைந்திருக்கிறது. பேராதனைக்கு அண்ணாவியாரை அனுப்பிய அதே ஊர். அங்கு நுண்கலைத் துறையை வளர்த்த மௌனகுரு, கூத்து ஊரில் வளர்ந்தவரென்பதால் அண்ணாவிமாரின் அறிவை நன்குணர்ந்தவர். அவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவர் முன்னே நிறுத்தியதில் அவருக்கும் அவர்பின் வந்தோர்க்கும் பெரும் பங்குண்டு. கல்லூரி ஆசிரியர்கள் நன்றி மறந்தவர்களென்று நான் சொல்லவரவில்லை. நன்றியுள்ளவர்களாலும் மாற்ற முடியாத ஒழுங்கு ஒன்று இருக்கிறது என்றே சொல்கிறேன்.

பாடசாலையில் அழகியல் ஆசிரியர் படும் பாடு தனிக்கதை. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றுள் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் கற்க வேண்டுமென்பது நம் நாட்டுப் பாடவிதானம். ஆனால் பரீட்சை நெருங்கினால் முதலிற் பறிபோவது அப்பாடவேளையே. கணித ஆசிரியர் வந்து, "இந்த ஒரு பாடவேளையைத் தாருங்கோ ரீச்சர்" என்று கேட்டால் மறுக்க முடியாது. அதே அதிபர், பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது சங்கீத ரீச்சரைத் தேடி வருவார். வரவேற்புப் பாட்டுக்கு மட்டும் நினைக்கப்படும் ஆசிரியர்களை நான் பல ஊர்களிற் கண்டிருக்கிறேன்.

என் பிழை

இனி என் கதைக்கு வருகிறேன்.

1970களின் தொடக்கம். கொழும்பில் ஒரு பத்திரிகையில் நான் புதிதாகச் சேர்ந்த நிருபர். கிழக்கு மாகாணக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் தலைநகருக்கு வந்து ஒரு வடமோடிக் கூத்தை ஆடினார்கள். பேராதனைக் கூத்துகளின் தாக்கத்தால் பாடசாலைகளும் கூத்தில் ஆர்வங்கொண்டிருந்த காலம். என்னை அனுப்பினார்கள். எனக்குக் கூத்தைப் பற்றி ஏதுந் தெரியாது. மேடையின் ஓரத்தில் வெற்றுடம்போடு, தோளிற் சால்வையுடன், மத்தளம் அடித்தவாறே தாளக்கட்டுச் சொல்லிக்கொண்டு ஒரு முதியவர் நின்றார். பையன்களின் கால்கள் அவர் வாயைப் பார்த்தே அசைந்தன. ஒரு பையன் அடவு பிசகியபோது அவர் மத்தளத்தின் ஓசையை ஒருகணம் மாற்றினார்; பையன் சரியான காலுக்கு வந்துவிட்டான். அதை நான் கவனித்தேன். கவனித்தும் எழுதவில்லை.

கூத்து முடிந்ததும் பொறுப்பாசிரியரைக் கண்டு பேசினேன். தமிழ் கற்பிக்கும் இளம் பட்டதாரி. "நான் ஒழுங்குபடுத்தினது மட்டுந்தான். பழக்கினது முழுக்க அண்ணாவியார்தான். அவரோடையும் ஒருக்காக் கதையுங்கோ" என்று அவர் சொன்னார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நான் புறப்பட்டுவிட்டேன்.

மறுநாட் பத்திரிகையில் செய்தி வந்தது. அதிபரின் பெயர், பொறுப்பாசிரியரின் பெயர், பிரதம விருந்தினரின் பெயர், கர்ணனாக ஆடிய மாணவனின் பெயர் எல்லாம் இருந்தன. பொறுப்பாசிரியரின் பெயரை மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். மத்தளம் வாசித்தவர் 'கிராமத்து முதியவர் ஒருவர்' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிட்டார்.

என் பெயரோடு வந்த முதற் செய்திகளில் ஒன்று அது. பெருமை தாங்காமல் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த மண்டபத்துக்குச் சென்றேன். மாணவன் ஒருவன் உரத்து வாசித்தான். அண்ணாவியார் சுவரிற் சாய்ந்தபடி வெற்றிலை மென்றுகொண்டு இறுதிவரை கேட்டார். பின்னர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நல்லா எழுதிரிக்கீங்க தம்பி. எல்லார்ர பேரும் வந்திரிக்கு. என்ட பேரத்தான் காணல்ல."

கோபமேயில்லாத குரல். கடையிற் சாமான் வாங்கிவந்த பையனிடம், ஒன்று குறைகிறதே என்று கேட்பது போலிருந்தது. "இடம் போதாமற் போயிற்று அண்ணாவியார்" என்றேன். பத்திரிகைக்காரர் எல்லோரும் சொல்லும் பொய். இடம் இருந்தது. அவர் பெயர்தான் என் குறிப்பேட்டில் இருக்கவில்லை. அதைக் கேட்டிருக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன். அப்போதாவது கேட்டிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. பொறுப்பாசிரியர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிலிருக்கிறது.

பல ஆண்டுகளின் பின் அக்கல்லூரியிருந்த ஊருக்கு ஒரு செய்திக்காகப் போனேன். போர் அந்த ஊரை இருதடவை பெயர்த்துவிட்டிருந்தது. விசாரித்துப் பார்த்தேன். அவர் காலமாகிவிட்டார் என்றார்கள் சிலர். எந்த அண்ணாவியாரைக் கேட்கிறீர்கள் என்றார்கள் வேறு சிலர். பெயர் தெரியாதவனாற் பதில் சொல்ல முடியவில்லை. கல்லூரியின் பழைய பதிவுகளும் எரிந்துபோயிருந்தன. அந்தக் கூத்துக்கு எஞ்சியிருந்த எழுத்துச் சான்று என் செய்தி மட்டுமே. அதில் அவர் 'கிராமத்து முதியவர் ஒருவர்'.

வரலாற்றில் எவர் பெயர் நிற்கும், எவர் பெயர் நில்லாது என்பதைத் தீர்மானிப்பது பேராசிரியரும் அரசாங்கமும் மட்டுமல்லர். கடைசி பஸ்ஸுக்கு ஓடும் இருபத்திரண்டு வயது நிருபனும் தீர்மானிக்கிறான். பதவி நிபந்தனைகளைப் பற்றி மேலே நான் எழுதிய குறைகளை எனக்கும் சேர்த்தே எழுதினேன். பல்கலைக்கழகம் அண்ணாவியாருக்கு நாற்காலி கொடாமைக்குக் காரணமாக விதிகளையேனும் காட்டலாம். நான் அவர் பெயரை எழுதாமைக்கு எந்த விதியையும் காட்ட முடியாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் படித்துவிட்டு, இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்வோர் பலர் பாடசாலை நாட்களிற் கூத்தாடியிருப்பீர்கள், மிருதங்கம் பழகியிருப்பீர்கள், காமன்கூத்திற் காற்சதங்கை கட்டியிருப்பீர்கள். உங்களுக்குப் பழக்கியவர் யார்? பரிசளிப்பு மலரில் அச்சான பெயரைக் கேட்கவில்லை. இரவில் நின்று தாளம் சொல்லித் தந்தவர் பெயரைக் கேட்கிறேன். அவருடைய ஊர், பழக்கிய கூத்து, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவற்றோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுங்கள், நூலகங்களுக்கு அனுப்புங்கள், பழைய மாணவர் சங்க மலர்களிற் சேருங்கள்.

நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள். நான் கேட்கத் தவறிய பெயரை இன்று சொல்வாரில்லை.